153 மீன்களை யார் எண்ணினார்கள்? வேதாகம எண்கள் பற்றி ஒரு கேள்வி

மல்லாவி ரீச்சர்

வணக்கம் உறவுகளே. மல்லாவிப் பக்கம் ஒரு சிறிய ஆலயத்தில் ஞாயிறு தோறும் மறைக்கல்வி எடுக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் பதினாறு பேர்.

போன கிழமை யோவான் 21ஆம் அதிகாரம் வாசித்தோம். சீடர்கள் இரவு முழுவதும் வலை போட்டும் வெறுங்கை. விடியும்போது கரையில் நின்றவர் வலப்பக்கம் போடச் சொல்கிறார். வலை நிறைகிறது. எண்ணிப் பார்த்தால் 153 மீன். ஒரு பையன் கையைத் தூக்கி, "ரீச்சர், ஏன் 150 என்று எழுதவில்லை?" என்று கேட்டான். "சரியாக எண்ணியிருப்பார்கள்" என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நம்பவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இன்னொரு பிள்ளை எழுந்து, தன் மாமி போகும் செபக்கூட்டத்தில் எல்லா எண்ணுக்கும் அர்த்தம் சொல்வார்கள் என்றாள். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது அதுதான் 666, வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தில் வரும் மிருகத்தின் முத்திரை என்று அங்கே சொன்னார்களாம். அதை நம்பி அவளுடைய அப்பா மூன்று கிழமை அட்டை எடுக்காமல் சைக்கிளில் வயலுக்குப் போய்வந்தாராம். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் கிடைத்த காலம் அது. அந்த நான்கு லீற்றரையும் ஒரு மனிதர் பயத்தில் விட்டிருக்கிறார்.

இந்த எண்களைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஏழரை

ரீச்சர், ஏழு என்றால் நிறைவு என்று எங்கள் ஊரில் ஒரு சபைக்காரர் விளக்கம் சொன்னார். அப்படியானால் அதோடு அரை கூடினால் இன்னும் நிறைவாக அல்லவா இருக்க வேண்டும்? எனக்கு ஏழரை நடந்தபோது மாடு செத்தது, மோட்டார் சைக்கிள் களவு போனது, மச்சான் ஆறு மாதம் பேசவில்லை. கடைசியாகச் சொன்னதை நன்மைக் கணக்கில் போடலாம்.

மடுவீதி

153 பற்றி மட்டும் இப்போது எழுதுகிறேன் ரீச்சர். குருமடத்தில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். படித்ததில் மிஞ்சியது இதுதான்.

இந்தக் கேள்வி உங்கள் மாணவனுக்கு முன்பே பெரிய ஆட்களுக்கு வந்துவிட்டது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புனித எரோணிமுஸ், மீன்களைப் பற்றி எழுதிய பழைய ஆசிரியர்கள் 153 இனங்களைக் கணக்கிட்டார்கள் என்றார். ஆகவே எல்லா இன மனிதரும் ஒரே வலைக்குள் வருவார்கள் என்பது அவருடைய விளக்கம். புனித அகுஸ்தீனார் வேறு வழியில் போனார். கட்டளைகள் 10, தூய ஆவியின் கொடைகள் 7, மொத்தம் 17. ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும்.

இரண்டும் அழகுதான். ஆனால் நற்செய்தியை எழுதியவர் தாமே எந்த விளக்கமும் தரவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லுங்கள்.

சிலேட்டுப்பலகை

நான் கிறிஸ்தவன் அல்லன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவன் என்ற உரிமையில் உள்ளே வருகிறேன்.

153 ஒரு முக்கோண எண். கற்களை ஒரு வரிசையில் 1, அடுத்ததில் 2 என்று 17 வரை அடுக்கினால் சரியான முக்கோணம் வரும். அதோடு நிற்கவில்லை. 1, 5, 3 ஆகிய இலக்கங்களின் கனங்களைக் கூட்டிப் பாருங்கள்: 1, 125, 27. மறுபடியும் 153.

மயங்கிவிடாதீர்கள். 666உம் முக்கோண எண்தான், 1 முதல் 36 வரை கூட்டினால் வரும். ஒன்றை அருளின் எண் என்றும் மற்றதைச் சாத்தானின் எண் என்றும் சொல்கிறீர்கள், இரண்டுக்கும் வடிவம் ஒன்று. எந்த எண்ணையும் என்னிடம் தாருங்கள், ஒரு மணி நேரத்தில் அதற்கு ஒரு பெருமை தேடித் தருவேன். வீட்டு மின்சார மீற்றரின் இலக்கமாக இருந்தாலும் சரி.

கரைவலை

நான் முல்லைத்தீவுக் கரை. அப்பாவும் பெரியப்பாவும் கரைவலை இழுத்தவர்கள். நான் படிப்புக்குப் போய்விட்டேன், ஆனாலும் கயிறு பிடித்த தழும்பு உள்ளங்கையில் இருக்கிறது.

நீங்கள் எல்லோரும் அந்த வசனத்தில் ஒரு சொல்லைத் தாண்டிப் போகிறீர்கள். 153 "பெரிய" மீன்கள் என்று இருக்கிறது. விடியற்காலையில் வலை கரைக்கு வரும்போது எல்லோருடைய கண்ணும் வலையின் மடியில்தான் இருக்கும். நெத்தலி, சூடை, காரல் என்றால் எவரும் எண்ணமாட்டார்கள். கூடைக் கணக்கு, இப்போது கிலோக் கணக்கு. பாரையோ சீலாவோ அறக்குளாவோ விழுந்தால்தான் ஒவ்வொன்றாக மணலில் போட்டு எண்ணுவார்கள். ஒருவர் போடுவார், ஒருவர் சத்தமாகச் சொல்லுவார், பங்குக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் மனத்துக்குள் கூடவே எண்ணுவார்கள். அந்த நேரத்தில் ஒரு குழந்தை அழுதால்கூட ஏச்சு விழும். அப்படி எண்ணிய மீனை 150 என்று சொன்னால் எங்கள் கரையில் சண்டை வரும்.

இன்னொன்று. அதே பகுதியில் தோணி கரையிலிருந்து ஏறக்குறைய இருநூறு முழத் தொலைவில் நின்றது என்று இருக்கிறது. அந்த இருநூறுக்கு ஏன் எவரும் அர்த்தம் தேடவில்லை? தூரத்தைக் கண்ணால் மதித்தவன் "ஏறக்குறைய" என்றான். மீனைக் கையால் தொட்டவன் அப்படிச் சொல்லவில்லை.

எங்களுக்கு அதிசயமாகப் படுவது எண்ணிக்கை அல்ல, வலை கிழியவில்லை என்பதுதான். லூக்கா 5இல் இதே போன்ற மீன்பாடு வரும், அங்கே வலை கிழியத் தொடங்கும். வலை பொத்தி இருந்தவனுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

மல்லாவி ரீச்சர்

கரைவலைத் தம்பி, "பெரிய" என்ற சொல்லை நானும் கவனிக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் ஞாயிறு தோறும் வாசிக்கிறேன்!

வட்டக்கச்சி விசுவாசி

எல்லோருக்கும் கர்த்தரின் சமாதானம். எரிபொருள் அட்டையை 666 என்று சொன்ன ஊழியர் தவறு செய்தார். அதை மறைக்கவில்லை. ஆனால் அதை வைத்து எண்களையே கேலி செய்ய வேண்டாம். வேதத்தில் ஒரு எழுத்தும் வீணாக இல்லை என்று நம்புகிறவர்கள் நாங்கள்.

பாருங்கள்: நோவாவின் காலத்தில் நாற்பது நாள் மழை. மோசே நாற்பது நாள் மலையில். இஸ்ரவேலர் நாற்பது வருஷம் வனாந்தரத்தில். எலியா நாற்பது நாள் நடந்து ஓரேப்புக்குப் போனார். நினிவேக்கு நாற்பது நாள் தவணை. கர்த்தர் நாற்பது நாள் உபவாசம். இதெல்லாம் தற்செயலா? வெளிப்படுத்தின விசேஷம் 13இல் முத்திரை இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாது என்று தெளிவாக இருக்கிறது. அந்த நாள் வராது என்று எவராலும் சொல்ல முடியுமா?

சிலேட்டுப்பலகை

தம்பி, கேலி செய்யவில்லை. 666 பற்றி எனக்குத் தெரிந்ததை ஔவையார் வழியாகச் சொல்கிறேன்.

"எட்டேகால் லட்சணமே" என்று தொடங்கும் தனிப்பாடலைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். தமிழ் எண்களில் 8க்கு "அ", காலுக்கு "வ". எட்டேகால் என்றால் "அவ". அவலட்சணமே என்று நேரே திட்டாமல் கணக்காகத் திட்டிய பாட்டு. தமிழ் எழுத்தே எண்ணாகவும் இருந்த காலத்தில் கேட்டவனுக்கு உடனே சிரிப்பு வந்திருக்கும். இன்று கேட்கிற பிள்ளைக்கு நான் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

எபிரேயரும் கிரேக்கரும் அப்படித்தான். எழுத்துகளையே எண்களாகவும் வைத்துக்கொண்டார்கள். ஆகவே எந்தப் பெயருக்கும் ஒரு கூட்டுத்தொகை உண்டு. பொம்பெயி நகரத்துச் சுவர் ஒன்றில் எவனோ ஒருவன், "எவளுடைய எண் 545ஓ அவளை நேசிக்கிறேன்" என்று கிறுக்கிவைத்திருக்கிறான். 79ஆம் ஆண்டில் எரிமலைச் சாம்பல் மூடியதால் அந்தக் காதல் தப்பியது. அவளுக்கு விளங்கியிருக்கும், அவளுடைய தகப்பனுக்கு விளங்காமல் இருந்திருக்கட்டும்.

இப்போது உரோமைப் பேரரசன் நீரோன் சீசரின் பெயரை எபிரேய எழுத்தில் எழுதுங்கள். 50, 200, 6, 50, பிறகு 100, 60, 200. கூட்டிப் பாருங்கள்.

ஏழரை

கூட்டினேன். 666. கைத்தொலைபேசியில் ஒரு தரம், கைவிரலில் ஒரு தரம்.

மடுவீதி

சேர் சொன்னதற்கு ஒரு வால். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 666 இல்லை, 616 இருக்கிறது. எகிப்தில் ஒக்சிரிங்கஸ் என்ற இடத்தில் கிடைத்த பப்பிரசு ஏடு ஒன்றிலும் அப்படித்தான். இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித இரனேயுஸ் இந்த 616ஐ அறிந்திருந்தார், பிழை என்று தள்ளினார். நீரோன் என்ற பெயரின் கடைசி "ன்" இல்லாமல், இலத்தீனில் சொல்வதுபோல் நீரோ என்று எழுதினால் ஒரு ஐம்பது குறையும், 616 வரும். இரண்டு எண்ணும் ஒரே ஆளிடம் போய் நிற்பதால்தான் பல அறிஞர்கள் இந்த விளக்கத்தை ஏற்கிறார்கள். எல்லோரும் அல்லர். இரனேயுஸ் தாமே வேறு பெயர்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, உறுதியாகச் சொல்ல மறுத்தார். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

இதே கணக்கு மத்தேயுவின் முதல் அதிகாரத்திலும் இருக்கிறது. தாவீது என்ற பெயரின் எபிரேய எழுத்துகள் 4, 6, 4. மொத்தம் 14. இயேசுவின் தலைமுறைகளை மத்தேயு பதினான்கு பதினான்காக மூன்று கட்டு கட்டுகிறார். அதற்காக நடுக் கட்டில் மூன்று அரசர்களை விட்டுவிடுகிறார். அப்படியும் மூன்றாம் கட்டைப் பெயர் பெயராக எண்ணினால் பதின்மூன்றுதான் வருகிறது. சுங்கச் சாவடியில் இருந்தவர் என்று மரபு சொல்கிற ஆளுக்கு இந்தக் கணக்கு!

நாற்பதைப் பற்றி விசுவாசி அண்ணா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. விவிலியத்தில் நாற்பது என்றால் ஒரு தலைமுறை மாறும் காலம், அல்லது ஒருவன் வேறு ஆளாகிற காலம். எங்கள் தவக்காலமும் அதுதான். சாம்பல் புதன் முதல் பெரிய சனி வரை நாள்காட்டியில் 46 நாள் வரும், ஆறு ஞாயிறைக் கழித்தால்தான் நாற்பது. ஆனால் வட்டமாக நாற்பது வர வேண்டிய இடத்தில் வேறு எண் வந்தால் கண்ணை விரித்துப் பாருங்கள். யோவான் 5இல் குளத்தடியில் கிடந்தவன் முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயாளி. இணைச்சட்டம் 2:14ஐத் திறந்தால் இஸ்ரயேலர் பாலைநிலத்தில் அலைந்து ஒரு தலைமுறை அழிந்த காலமும் முப்பத்தெட்டு ஆண்டுகள். அந்த நோயாளி தனி ஆளா, ஒரு இனமா என்று யோசிக்க வைக்கிறது.

மருதமடு

153 என்றதும் எனக்கு மீன் நினைவுக்கு வரவில்லை, அம்மம்மாவின் செபமாலை வந்தது. எங்கள் வீட்டில் 53 மணி, 153 மணி என்று இரண்டு வகை. அன்றாடம் ஐம்பத்துமூன்று. ஆவணியில் மடுத் திருவிழாக் கொடியேறினால் நூற்றைம்பத்துமூன்று. நாங்கள் சிறுவர்கள் இரண்டாவதைக் கேட்டாலே நித்திரை வருகிறது என்று பாயைத் தேடுவோம்.

2009இல் அந்தச் செபமாலை அறுந்துவிட்டது. எங்கே என்று எழுத விருப்பமில்லை. பங்கருக்குள் மணலை அரித்து மணிகளைப் பொறுக்கினோம். இரண்டு மணி கிடைக்கவில்லை. மெனிக் பாம் முகாமுக்கு வந்த பிறகு மாமா தங்கூசியில் கோத்துக் கொடுத்தார். காணாமல் போன இரண்டு இடத்திலும் குன்றிமணி. அந்த இரண்டு மணியும் வரும்போது அம்மம்மாவின் விரல் கொஞ்சம் நிற்கும். செபத்தின் நடுவே அது எங்களுக்கும் கேட்கும்.

மீனுக்கும் இந்த 153க்கும் தொடர்பு உண்டா? மடுவீதி அண்ணாதான் சொல்ல வேண்டும்.

மடுவீதி

தொடர்பு இல்லை தங்கச்சி. திருப்பாடல்கள் 150. வாசிக்கத் தெரியாத மக்கள் அவற்றுக்குப் பதிலாக 150 அருள்நிறை மந்திரம் சொன்னார்கள். தொடக்கத்தில் உள்ள மூன்று சேர்ந்து 153 ஆனது. 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகள் என்ற பகுதியைச் சேர்த்தபின் இன்னும் ஐம்பது கூடி முழுமாலை 203 ஆகிவிட்டது. ஆனால் உங்கள் அம்மம்மாவிடம் இதைப் போய்ச் சொல்லும் துணிவு எனக்கு இருந்திருக்காது.

மருதமடு

கேட்டிருந்தால், "அதற்கென்ன, ஐம்பதும் சேர்த்துச் சொல்" என்றிருப்பார்.

உருத்திரபுரம் வயல்காரன்

எல்லோரும் 153இலும் 666இலும் நிற்கிறீர்கள். வேதாகமத்தில் எனக்குப் பிடித்த எண் 50. எவரும் அதைத் தொடவில்லை.

லேவியராகமம் 25ஆம் அதிகாரம். ஆறு ஆண்டு விதைத்து ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு. ஏழு ஏழு நாற்பத்தொன்பது. ஐம்பதாம் ஆண்டு எக்காளம் ஊதி, அவனவன் தன் காணியாட்சிக்குத் திரும்பிப் போக வேண்டும். அதுதான் யூபிலி. பிற்காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை 1300ஆம் ஆண்டில் முதல் யூபிலி ஆண்டை வைத்து, பிறகு சுருக்கிச் சுருக்கி 1475 முதல் இருபத்தைந்து ஆண்டுக்கு ஒரு முறை ஆக்கியது. அது யாத்திரைக்கும் பாவமன்னிப்புக்கும். மூலக்கணக்கு காணிக்கணக்கு.

அந்த அதிகாரத்தைப் பாதிரிமார் வேகமாக வாசித்துவிடுவார்கள். நெல் விதைப்பவன் மெதுவாக வாசிக்க வேண்டும். காணி விலையை எப்படிப் பேசச் சொல்கிறது தெரியுமா? அடுத்த யூபிலிக்கு எத்தனை ஆண்டு இருக்கிறது என்று பார். ஆண்டு கூடினால் விலை கூட்டு, குறைந்தால் குறை. ஏனென்றால் நீ வாங்குவது நிலத்தை அல்ல, விளைச்சல்களின் எண்ணிக்கையை. எங்கள் பேச்சில் சொன்னால் அது விற்பனையே இல்லை, குத்தகை. காலபோகம் இத்தனை, சிறுபோகம் இத்தனை என்று எண்ணிக் கொடுக்கிற குத்தகை. ஏழின் பெருக்கல் அங்கே கோயில் கணக்கு அல்ல. ஒருவன் கடன்பட்டு நிலம் இழந்தாலும் அவனுடைய பேரனுக்கு அது திரும்ப வேண்டும் என்று கட்டிய அணை.

நாட்டில் அது ஒழுங்காக நடந்ததா என்று கேட்டால் அது வேறு கதை. சட்டமாக எழுதிவைத்தார்களே, அதைச் சொல்கிறேன்.

இங்கே எங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இரணைதீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்தார்கள். கத்தோலிக்கக் கடற்றொழிலாளர்கள். கரையில் இரணைமாதா நகரில் இருந்துகொண்டு சொந்தத் தீவைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2017இல் வீதியில் அமர்ந்து கேட்டார்கள். 2018 ஏப்ரலில், இனிக் கேட்டுப் பயனில்லை என்று தங்கள் படகுகளில் ஏறித் தாங்களே போய் இறங்கினார்கள். இருபத்தாறு ஆண்டுகள். எக்காளம் எவரும் ஊதவில்லை, படகு இயந்திரச் சத்தம்தான். யூபிலிக்குச் சரிபாதி தாண்டியபின் போயிருக்கிறார்கள். அதே 2017இல் பிலவுக்குடியிருப்பில் பிள்ளைகளோடு வீதியோரம் இருந்தவர்களும் காணியைத்தான் கேட்டார்கள்.

எண்ணைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். என் பாட்டனார் நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை "ஒன்று" என்று சொல்லமாட்டார். "லாபம்" என்பார், பிறகு இரண்டு, மூன்று. பிள்ளைகளையோ மாடுகளையோ விரல் நீட்டி எண்ணினால் அடி விழும். பழைய ஏற்பாட்டிலும் அந்தப் பயம் இருக்கிறது. யாத்திராகமத்தில் மக்களை எண்ணினால் வாதை வராதபடி தலைக்கு அரைச் சேக்கல் மீட்புப்பணம் கொடுக்க வேண்டும். தாவீது மக்களைக் கணக்கெடுத்ததே பாவமாகிக் கொள்ளைநோய் வந்தது. முகாமில் காலையும் மாலையும் வரிசையில் நிறுத்தி எண்ணப்பட்டவர்களுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை.

கரைவலை

வயல்காரன் அண்ணா, இந்தக் குத்தகைக் கணக்கை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

வட்டக்கச்சி விசுவாசி

ஐம்பதைச் சொன்னதற்கு நன்றி ஐயா. நானும் ஒன்று சேர்க்கிறேன். பேதுரு கர்த்தரிடம், சகோதரனுக்கு ஏழுதரம் மன்னித்தால் போதுமா என்று கேட்கிறார். "ஏழெழுபது" என்று பதில் வருகிறது. 490 என்று பெருக்கி எழுதிவைத்துக்கொள்வதற்கு அல்ல, எண்ணுவதை நிறுத்து என்பதற்கு.

மடுவீதி

அழகான இடம் அண்ணா. அதன் வேர் ஆதியாகமம் 4இல் இருக்கிறது. காயீனின் வழிவந்த லாமேக்கு, காயீனுக்கு ஏழு மடங்கு பழி என்றால் எனக்கு எழுபத்தேழு மடங்கு என்று மனைவிமாரிடம் வீரம் பேசுகிறான். அதன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள சொற்றொடரும் மத்தேயுவில் இயேசு சொல்வதும் ஒன்றுதான். அதனால் எழுபத்தேழு முறை என்றும் மொழிபெயர்ப்பதுண்டு. பழிவாங்கலுக்கு வைத்த எண்ணை எடுத்து மன்னிப்புக்கு வைக்கிறார். எண்கள் பேசுகின்றன என்றால் இப்படித்தான் பேசுகின்றன. முன்னே எங்கே வந்தது என்று தெரிந்த காதுக்கு மட்டும் கேட்கும்.

பெயர் வேண்டாம்

நான் அதிகம் எழுதுவதில்லை. வாசித்துவிட்டுப் போகிறவள்.

நாற்பது என்றால் ஒருவர் வேறு ஆளாகிற காலம் என்று எழுதியிருந்தீர்கள். ஏழெழுபது என்றால் எண்ணுவதை நிறுத்து என்று எழுதியிருந்தீர்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அம்மாமார் போராட்டத்தில் அமர்ந்தார்கள். என் தம்பியின் படத்தோடு அம்மாவும் இருந்தார். 2022 ஆகஸ்டில் இரண்டாயிரம் நாள். அன்று ஒருவர் வந்து, இரண்டாயிரம் நாள் என்பது பெரிய அடையாளம் என்று ஒலிவாங்கியில் பேசினார். அம்மா பக்கத்தில் இருந்த என்னிடம், "நேற்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, நாளைக்கு இரண்டாயிரத்தொன்று" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எண்ணுவதை நிறுத்து என்று அவரிடம் எவரும் சொல்ல வேண்டாம். அதைத்தான் எழுத வந்தேன்.

வட்டக்கச்சி விசுவாசி

அக்கா, வாசித்தேன். நேற்று இரவே வாசித்துவிட்டேன், பதில் எழுதத் தெரியாமல் இருந்தேன். நான் மன்னிப்பைப் பற்றி எழுதியது ஒரு சகோதரன் இன்னொரு சகோதரனுக்குச் செய்வதைப் பற்றி. அதை அம்மாவின் நாட்கணக்கின்மேல் வைக்க மாட்டேன்.

ஒரு இடம் மட்டும் சொல்ல விடுங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 7இல் யோவான் ஒரு எண்ணைக் "கேட்கிறார்": இலட்சத்து நாற்பத்து நாலாயிரம். கோத்திரத்துக்குப் பன்னீராயிரம், பன்னிரண்டு கோத்திரம். எங்கள் சபையில் அதைப் பலமுறை பெருக்கியும் பிரித்தும் பார்த்திருக்கிறோம். ஆனால் அவர் திரும்பிப் "பார்க்கிறபோது" தெரிவது ஒருவனாலும் எண்ணக்கூடாத திரளான கூட்டம். மிகுந்த உபத்திரவத்திலிருந்து வந்தவர்கள் என்று மூப்பர் சொல்கிறார். கேட்டது எண், கண்டது முகங்கள். உங்கள் பதிவுக்குப் பிறகு அந்த அதிகாரத்தை மறுபடி எடுத்தேன்.

பெயர் வேண்டாம்

நன்றி தம்பி.

ஏழரை

இரண்டு நாளாக இங்கே வந்து எதுவும் எழுதாமல் போனேன். ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். வெளிப்படுத்தின விசேஷத்தில் நாற்பத்திரண்டு மாதம், 1260 நாள், காலமும் காலங்களும் அரைக்காலமும் என்று வருவதெல்லாம் மூன்றரை ஆண்டா?

சிலேட்டுப்பலகை

ஆம். முப்பது நாள் மாதமாகப் போட்டால் மூன்றும் ஒன்றே. ஏழின் பாதி. துன்ப காலத்துக்கு அந்த எண்ணைத்தான் கொடுக்கிறார்கள், தானியேல் புத்தகத்திலிருந்தே. நிறைவு என்று சொல்லப்படும் ஏழைப் பாதியில் முறித்துவிட்டால் துன்பமும் முழுதாக ஓட முடியாது என்பது அவர்கள் கணக்கு. நமக்கு ஏழரை, அவர்களுக்கு மூன்றரை. நம்முடையதில் சனி பகவான் கொஞ்சம் தாராளம்.

மல்லாவி ரீச்சர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பு நடந்தது, என்ன செய்தேன் என்று எழுதிவிடுகிறேன்.

முதலில் மாற்கு 8ஐ எடுத்தேன். அங்கே இயேசுவே எண்ணில் பரீட்சை வைக்கிறார். ஐயாயிரம் பேருக்கு ஐந்து அப்பம் பிட்டபோது எத்தனை கூடை மிஞ்சியது? பன்னிரண்டு. நாலாயிரம் பேருக்கு ஏழு அப்பம் பிட்டபோது? ஏழு. இன்னும் உங்களுக்குப் புரியவில்லையா என்று கேட்டுவிட்டு, விடையைச் சொல்லாமலே போய்விடுகிறார். பன்னிரண்டு இஸ்ரயேலின் குலங்கள், ஏழு மற்ற இனத்தார் என்று விளக்குவார்கள் என்றேன். ஆனால் அவர் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். "அப்படியென்றால் அவருடைய பரீட்சையில் எவரும் சித்தியடையவில்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். சீடர்களே சித்தியடையவில்லை என்றேன். வகுப்புக்கு அது பெரிய ஆறுதல்.

666க்கு சேர் சொன்ன எட்டேகால். அந்தப் பிள்ளை தாளில் நீரோனின் கணக்கை எழுதி, அப்பாவிடம் காட்டுவதற்கு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு வீட்டிலிருந்து கொண்டுபோன புளியங்கொட்டையைச் சீமெந்துத் தரையில் கொட்டி முக்கோணம் அடுக்கச் சொன்னேன். பதினேழாவது வரிசையில் ஒன்று குறைந்தது. நான் எண்ணித்தான் கொண்டுபோனேன். வாங்குக்கு அடியில், கதவு மூலையில் என்று பதினாறு பேரும் தேடி, கடைசியில் யன்னலோரம் இருந்தவனின் செருப்புக்கு அடியில் கண்டெடுத்தார்கள். 153ஐ அவர்கள் இனி மறக்கமாட்டார்கள்.

ஏன் 150 இல்லை என்று முதலில் கேட்ட பையன், அப்படியானால் யார் எண்ணினார்கள் என்று கேட்டான். பங்குக்கு நின்றவர்கள் எண்ணினார்கள் என்று கரைவலைத் தம்பியின் பதிலைச் சொன்னேன். அவன் உடனே வசனத்தைத் திருப்பிப் பார்த்தான். தோணியில் போன சீடர்கள் ஏழு பேர். 153ஐ ஏழால் பிரித்தான். "ஆளுக்கு இருபத்தொன்று ரீச்சர், ஆனால் ஆறு மிச்சம் வருகிறது. அந்த ஆறும் யாருக்கு?"

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஞாயிறு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

கரைவலை

ரீச்சர், அந்தப் பையனைப் பன்னிரண்டாம் வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள். கரையில் கரிநெருப்பு மூட்டியிருக்கிறது, அப்பமும் இருக்கிறது, "நீங்கள் பிடித்த மீனிலும் சில கொண்டு வாருங்கள்" என்று ஏற்கெனவே கேட்டுவிட்டார், பிறகு உணவருந்த வாருங்கள் என்று கூப்பிடுகிறார். எங்கள் கரையிலும் பங்கு பிரிப்பதற்கு முன் கறிக்கென்று கொஞ்சம் எடுத்து வைப்பார்கள், அதை எவரும் கணக்கில் கேட்கமாட்டார்கள்.

ஆறும் காலைச் சாப்பாட்டுக்கு.